ஆறேகாலுக்குள் ஒரு குரல்

எங்கள் வீட்டில் சூரியன் இறங்கிவிட்டால் சாப்பாடு கிடையாது. நாங்கள் சமணர்கள். அம்மா இதில் துளியும் விட்டுக்கொடுக்காதவள். பொழுது சாய்ந்த பிறகு தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. ஆரணியிலிருந்து முள்ளிப்பட்டைத் தாண்டிப் போனால் வரும் ஒரு கிராமத்தில் அவள் தனியாக இருக்கிறாள். ஆரணி டவுனுக்கு வந்து எங்களோடு இரு என்றால், கோவிலுக்கு யார் விளக்கு வைப்பது என்பாள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவளுக்குச் சர்க்கரை மாத்திரை. ஐந்தரைக்கு என் போன். “பொழுதோட சாப்டியாப்பா?” என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்று நான் சொன்ன பிறகுதான் தட்டை எடுப்பாள். முப்பது வருஷமாக இதே கேள்வி, இதே வரிசை.

இது வேலூரில் நான் ஹாஸ்டலில் சேர்ந்தபோது தொடங்கியது. ஹாஸ்டலில் எட்டு மணிக்குத்தான் சாப்பாட்டு மணி அடிப்பார்கள். ஐந்தரைக்கு எதிரிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடுவேன். ஊரில் பக்கத்து வீட்டுப் போன் அருகே அம்மா நின்றிருப்பாள். சாப்டியா என்பாள். சாப்பிட்டேன் என்பேன். இன்னா சாப்ட என்பாள். இட்லி என்பேன். எல்லா நாளும் இட்லி. பத்தொன்பது வயதில் வேறு பொய்யை யோசிக்கப் பசி விடாது. நான் சொல்லும் பொய்யை வைத்து அம்மா சாப்பிடுகிறாள், அதனால் அது நல்ல பொய் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, எட்டு மணிக்குச் சப்பாத்தி தின்பேன். படிப்பு முடிந்து ஊர் திரும்பியதும் நானும் ஒழுங்காகப் பொழுதோடு சாப்பிடுகிறவன் ஆனேன். கேள்வி மட்டும் நிற்கவில்லை.

போன வருஷம் ஒருநாள் டவர் விழுந்துவிட்டது. எங்கள் பக்கம் முழுவதும் போன் இல்லை. நானும் ஏதோ அவசர வேலையில், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அம்மா மாத்திரையைப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். பொழுது சாய்ந்தது. சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டாள் அல்லவா. காலையில் பால் ஊற்ற வந்த பெண்மணி பார்த்தபோது சமையலறை வாசற்படியில் சாய்ந்து கிடந்தாள்; ரவிக்கை வேர்வையில் நனைந்து, நாக்கு குழறி. மாத்திரை போட்டால் கட்டாயம் சாப்பிட வேண்டும், இன்னொரு தடவை இப்படி ஆனால் என்னைக் கேட்காதீர்கள் என்று ஆரணி டாக்டர் சொன்னார். அம்மா அவருக்கு நன்றாகத் தலையாட்டினாள். மறுநாள் ஐந்தரைக்குப் போன் எடுத்து, “பொழுதோட சாப்டியாப்பா?” என்றாள்.

அன்றிலிருந்து ஐந்தரை மணி என் உடம்புக்குள் இருக்கிறது. ஐந்து மணிக்கே போனை எடுத்து மடியில் வைத்துக்கொள்வேன்.

நான் புடவைக் கரைக்கு டிசைன் போடுகிறவன். முன்னெல்லாம் நான் வரைந்ததை ஓட்டை போட்ட அட்டைகளாக அடித்துக் கோத்துத் தறியின் தலைமேல் தொங்கவிடுவார்கள். இப்போது பல தறிகளில் அட்டை இல்லை. சின்னப் பெட்டி ஒன்று. அதில் டிசைனை ஏற்றினால் போதும், பெட்டியே நூலைத் தூக்கும். அந்தப் பெட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. பழைய டிசைனை அழித்துவிட்டுத்தான் புதியதை ஏற்ற வேண்டும். அழிக்காமல் ஏற்றினால் இரண்டும் கலந்துகொள்ளும். ஒருமுறை அப்படி மயிலின் முதுகில் கோபுரம் முளைத்து, பாதிப் புடவை போனது. அதற்குப் பிறகு என் விரல் பழகிவிட்டது: புதியது தகராறு செய்தால் பழையதை அழி. அழிப்பதில் எனக்குப் பயமே கிடையாது. அசல் எப்போதும் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும்.

இந்த விரலோடுதான் மலேசியா போனேன்.

கோலாலம்பூரில் ஒரு புடவைக் கடை. அங்கே வருகிறவர்கள் என்ன கரை கேட்கிறார்கள் என்று மூன்று நாள் உட்கார்ந்து பார்த்து, வரைந்து கொடுக்க வேண்டும். முதல் வெளிநாட்டுப் பயணம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு ஆரணியில் போன் கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண் என் நம்பரை ஈ-சிம் ஆக்கித் தருகிறேன் என்றாள். கார்டு வேண்டாம், தொலையாது, வெளிநாட்டு சிம்மும் இதே போனுக்குள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். கார்டை ஊசியால் நெம்பி எடுத்து என் கையில் வைத்தாள். நகத்தளவு. அதில்தான் இத்தனை வருஷம் இருந்தேனா என்று பார்த்தேன். வீட்டில் மனைவி அதை ஊசி நூல் டப்பாவில் போட்டு வைத்தாள்.

மலேசிய சிம்மை இணையத்தில் வாங்கியாயிற்று. கட்டம் கட்டமாக ஒரு படம் வந்தது. அங்கே இறங்கியதும் போனால் அதைப் படம் பிடித்தால் உயிர் வரும். படமே போனுக்குள் இருந்தால் போன் எப்படித் தன்னைத்தானே படம் பிடிக்கும் என்று தோன்றி ஜெராக்ஸ் கடையில் மூன்று காப்பி எடுத்தேன். சட்டைப் பையில் ஒன்று, பெட்டியில் ஒன்று, பாஸ்போர்ட்டுக்குள் ஒன்று.

“மலேசியாவுக்குப் போறீங்களா, நிலாவுக்கா?” என்றாள் மனைவி.

அம்மாவுக்கு ஏதாவது என்றால் நீ ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும் என்றேன். அவள் செய்யார் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அந்த வாரம் இரண்டு மணி ஷிஃப்ட். உள்ளே போனால் இரவு பத்து வரை போனை அணைத்துக் கேட்டிலுள்ள பெட்டியில் பூட்டி வைத்துவிடுவார்கள். தெரியும்தானே என்றாள். தெரியும். தெரிந்துதான் பயந்தேன்.

கோலாலம்பூர் விமான நிலையத்தில் எல்லோரும் பெட்டியை உருட்டிக்கொண்டு போக, நான் ஒரு தூணோரம் குந்தி, தரையில் காகிதத்தை விரித்துப் படம் பிடித்தேன். போன் யோசித்தது. புதிய சிம் ஏறியது. ஆனால் சிக்னல் வரவில்லை. மேலே பட்டைகள் இரண்டும் வெறுமை. அணைத்துப் போட்டேன். மறுபடியும் வெறுமை. இரண்டு சிம்மின் பெயர்களும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. மயில், கோபுரம். கலந்துகொண்டிருக்கின்றன என்று விரல் முடிவு கட்டிவிட்டது. பழையதைத் தொட்டேன். இந்த சிம்மை அழிக்கவா என்று கேட்டது. அழி என்றேன். நிச்சயமாகவா என்றது. அந்த இரண்டாவது கேள்வியைக்கூட நான் படித்தேன் என்பதுதான் இன்றைக்கும் வெட்கம். ஆமாம் என்று அழுத்தினேன்.

சற்றைக்கெல்லாம் புதிய சிம்முக்குச் சிக்னல் வந்தது. அது என் சாமர்த்தியத்தால் வந்ததா, தானாகவே வந்திருக்குமா, தெரியாது. நான் நிமிர்ந்து உட்கார்ந்து, பிழைத்தேன் என்று நினைத்தேன். தூணைப் படமெடுத்து மனைவிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரே ஒரு டிக் விழுந்து நின்றது. செய்யாரில் போன் பெட்டிக்குள் இருக்கிறது.

அறைக்குப் போய்ச் சேர அங்கே ஆறு மணியாகிவிட்டது. ஏழு இருபதுக்குப் பொழுது சாயும் என்று போன் சொன்னது. எனக்குச் சாப்பிட நேரம் இருந்தது. முதலில் அம்மாவுக்கு ஒரு தடவை பேசிவிடலாம், இறங்கிவிட்டேன் என்று சொல்லிவிடலாம் என்று அவள் நம்பரை அழுத்தினேன். அழைக்க லைன் இல்லை என்றது போன். மறுபடி. இல்லை. புதிய சிம் இணையத்துக்கு மட்டும். பேசுகிற நம்பர் அதற்குக் கிடையாது. பேசுகிற நம்பர் எதுவோ அதை நான் தூணோரம் அழித்துவிட்டு வந்திருந்தேன்.

அசல் எங்கேயாவது இருக்கும் என்று தேடினேன். இருக்காதா பின்னே. பழைய சிம் கம்பெனியின் இணையப் பக்கத்துக்குப் போனேன். உங்கள் நம்பரைத் திரும்பப் பெற, உங்கள் நம்பருக்கு ஒரு எண் அனுப்புகிறோம், அதை இங்கே எழுதுங்கள் என்றது. எழுதியே தீர வேண்டும் என்பதுபோல் நான்கு தடவை அனுப்பச் சொன்னேன். நான்கு எண்களும் இல்லாத ஒருவனுக்குப் போய்ச் சேர்ந்தன.

வாட்ஸ்அப் வேலை செய்தது. ஆனால் அம்மாவிடம் இருப்பது பட்டன் போன்.

கீழே ஓடினேன். வரவேற்பு மேசையில் அந்த ஊர்த் தமிழ்ப் பெண் ஒருத்தி. நிலைமையைச் சொன்னேன். ரெண்டு நிமிசம்தானே, பேசுங்கண்ணே என்று தன் போனையே தந்தாள். மணி போனது. கட் ஆனது. மறுபடி மணி, மறுபடி கட். மூன்றாவது தடவை போட்டபோது, நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். அம்மாவுக்குக் கோபமாண்ணே என்று கேட்டாள்.

கோபம் இல்லை. நான் சொல்லிக் கொடுத்தது அது. எங்கள் ஊரில் ஒருவருக்குப் போலீஸ் பேசுகிறோம் என்று யாரோ போன் செய்து, ஒரு பகல் முழுக்க அறையை விட்டு நகரவிடாமல் மிரட்டினார்கள். அதற்குப் பிறகு அம்மாவுக்குப் பாடம் நடத்தினேன். என் நம்பரைத் தவிர எதையும் எடுக்காதே. வந்தால் கட் பண்ணு. விடாமல் வந்தால் போனையே அணைத்துவிடு. நான்தான் பேசுகிறேன் என்று என் குரலிலேயே பேசினாலும் நம்பாதே, இப்போது குரலைக்கூடச் செய்கிறார்கள். அம்மா கெட்டிக்கார மாணவி. எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டு, கடைசி ஓட்டையாக என்னை வைத்திருந்தேன். அதையும் அடைத்தாயிற்று.

ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மஞ்சளாகி, சாம்பலாகி, கட்டடங்களுக்கு நடுவே இறங்கிப் போனது. ஏழு இருபது. என் பொழுது முடிந்தது. நான் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது; பசி தெரியவில்லை.

ஆனால் ஊரின் கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்னால்; அப்போது ஐந்துகூட ஆகியிருக்காது. அங்கே வெயில் இருக்கும். எனக்கு அணைந்த சூரியன் கடலைத் தாண்டி, சென்னையைத் தாண்டி, அம்மாவின் கூரைமேல் நின்றுகொண்டிருக்கும். அதுவும் இறங்க ஆறேகால் ஆகும். இருட்டில் நின்றுகொண்டு வேறொருவரின் வெளிச்சத்தை எண்ணுவது எப்படி என்று அன்றைக்குத் தெரிந்தது. ஏழரை ஆனது. அம்மாவின் ஐந்து மணி. மாத்திரை உள்ளே போயிருக்கும்.

யாரிடம் வாட்ஸ்அப் இருக்கிறது, யார் அம்மா வீட்டுக்குப் பக்கம்? அந்தப் பழைய பக்கத்து வீடு பூட்டிக் கிடந்து வருஷங்கள் ஆகின்றன. முள்ளிப்பட்டில் ஒரு நெசவாளி. என் டிசைன்கள் பலவும் முதலில் அவர் வீட்டுத் தறியில்தான் ஏறும். அங்கிருந்து அம்மாவின் கிராமம் பைக்கில் கால் மணி நேரம். கூப்பிட்டேன். எடுக்கவில்லை. தறியில் உட்கார்ந்தால் போன் ஆணியில் பையோடு தொங்கும், எனக்குத் தெரியும். தறிச் சத்தத்தில் அது கத்துவது கேட்காது. கூப்பிட்டேன், கூப்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் மணி முழுதாக அடித்து ஓயும்வரை, படிக்கட்டில் ஏறி இறங்கினேன். வரவேற்புப் பெண் ஒரு தட்டில் ரொட்டியும் வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தாள். நான் அதைத் தொடவில்லை என்பதைப் பார்த்து, உப்பு குறைவோ என்று வருத்தப்பட்டாள்.

பதினோராவது தடவை எடுத்தார். அம்மாவின் மணி ஐந்து முப்பத்தைந்து.

“இன்னா நயினாரே, மலேசியாவுல தறி போட்டுட்டாங்களா, இத்தினி தபா கூப்புடறீங்க?”

எங்கள் ஆட்களை ஊரில் நயினார் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். முன்னுக்குப் பின் முரணாகச் சொல்லியிருப்பேன். அவர் இடையில் ஒரு கேள்வி கேட்கவில்லை. பெரிய பேஜாராச்சே என்று மட்டும் முனகினார். பைக் உதைபடும் சத்தம் கேட்டது. லைன் போய்விட்டது.

அடுத்த இருபது நிமிஷத்தைப் பற்றி என்ன எழுத? ஹோட்டல் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. என் போனில் ஒரு மணி. அம்மாவின் மணி என் தலைக்குள். மூன்றும் மூன்று விதமாக நகர்ந்தன. வழியில் கரும்பு டிராக்டர் நிற்கும். முள்ளிப்பட்டு வளைவில் ரோடு சரியில்லை. அம்மா இந்நேரம் கதவைத் தாழ் போட்டிருப்பாள்; அதுவும் நான் சொல்லிக் கொடுத்ததுதான். கை நடுங்கத் தொடங்கியிருக்குமா? வேர்வை? கூப்பிட்டால் அவர் வண்டி ஓட்டுகிறபோது எடுப்பாரே என்று பயந்து கூப்பிடாமல் இருந்தேன். கூப்பிடாமல் இருந்தால் என்ன ஆனது என்று தெரியவில்லையே என்று பயந்தேன்.

அம்மாவின் மணியில் ஆறு அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது அவரே லைனில் வந்தார். குரலைத் தாழ்த்திப் பேசினார். அம்மா ஜன்னலைத்தான் திறந்திருக்கிறாள், கதவைத் திறக்க மாட்டேன் என்கிறாள். உட்கார்ந்துதான் இருக்கிறாள், முகம் வெளுத்திருக்கிறது. சாப்பிடுங்கள் என்று உங்கள் மகன் சொல்லி அனுப்பினார் என்று சொன்னால், அவன் சொல்லட்டும் என்கிறாள். ஸ்பீக்கரில் போடுகிறேன், நீங்களே பேசுங்கள் என்றார்.

“அம்மா, நான்தாம்மா.”

பின்னால் ஒரு சேவல் கூவியது, காக்கைகள் கூடடையும் சத்தம். எங்கள் ஊர். இந்த இருட்டில் நின்றபடி எங்கள் ஊர் வெளிச்சத்தை நான் கேட்டேன்.

“தம்பி, இது எம்புள்ள நம்பர்தானா?” என்று அவரைக் கேட்டாள் அம்மா. குரல் மெல்லியதாக, இழுபட்டு வந்தது.

அவர் என்னென்னவோ சொன்னார். வாட்ஸ்அப் என்றார், சிம் போச்சு என்றார். சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்தது. எந்த மோசடிக்காரனும் இப்படித்தானே சொல்வான்.

“குரல எல்லாம் செய்யறாங்களாம், தம்பி. எம்புள்ளதான் சொல்லிச்சு” என்றாள். அதில் பெருமை வேறு.

பிறந்த தேதி சொல்லலாம், அப்பா பெயர் சொல்லலாம்; எல்லாம் எவனுக்கும் கிடைக்கக்கூடியவை என்று அந்தப் பாடத்தில் நானே சேர்த்திருந்தேன். ஆறு ஐந்து. அங்கே நிழல் நீண்டு சுவரேறியிருக்கும்.

அப்போது அம்மா போனைப் பார்த்துக் கேட்டாள்.

“பொழுதோட சாப்டியாப்பா?”

மேசையில் ரொட்டியும் பழமும் அப்படியே இருந்தன. ஜன்னலில் கறுப்பு. இல்லை என்றால் அவள் சாப்பிட மாட்டாள். முப்பது வருஷத்து வரிசை அது. யோசிக்கவே இல்லை.

“சாப்பிட்டேம்மா.”

“இன்னா சாப்ட?”

“இட்லி.”

பிறகு தாழ்ப்பாள் இழுபடும் சத்தம்.

“எம்புள்ளதான், தம்பி. உள்ள வா” என்றாள் அம்மா. “பொய் சொல்லுது பாரு. ஆஸ்டல்ல இருந்தப்பவும் இட்லின்னுதான் சொல்லும். அங்க எட்டு மணிக்குதான் மணி அடிப்பாங்க, இவங்க அப்பா போய் விசாரிச்சிட்டு வந்தாரு.”

நெசவாளி சிரிக்கத் தொடங்கி, எனக்காக அடக்கிக்கொண்டது கேட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காது சுட்டது. ஒவ்வொரு நாளும் பூத்துக்கு ஓடி நான் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்த அம்மா, என் பட்டினியையும் பொய்யையும் தெரிந்துகொண்டே பக்கத்து வீட்டிலிருந்து நடந்து போய்ச் சாப்பிட்டிருக்கிறாள். அப்படியானால் எதற்காகக் கேட்டாள்? போன வருஷம் எதற்காகக் காத்துக் கிடந்து விழுந்தாள்? அவள் கேட்டது நான் சாப்பிட்டேனா என்பதை அல்ல போலும். அதற்கு மேல் யோசிக்கப் பயமாக இருந்தது.

“அப்ப நீ பட்டினிதான?” என்றாள் போனிடம்.

ஆமாம் என்றேன்.

“இருட்டிடுச்சா அங்க?”

“இருட்டிடுச்சும்மா.”

“அப்ப காலைல சாப்புடு. இப்ப எதையும் வாயில போட்டுக்காத. எனக்கு மாத்திரை உள்ள போயிருக்குது, நான் சாப்புடணும்.”

அவ்வளவுதான். தட்டு எடுக்கும் சத்தம், மூடி தரையில் உருண்டு சுழன்று ஓயும் சத்தம். நெசவாளி போனைக் கையில் பிடித்தபடி எனக்கு நேர்முக வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தார்: உப்புமா, தயிர் ஊத்திகினாங்க, இப்ப கை நடுக்கம் இல்லீங்க, ரெண்டாவது வாட்டி போட்டுகினாங்க. வெயில் இருக்கிறதா என்று நான் கேட்டேன். வாசல் வேம்பு உச்சியில கொஞ்சம் கீது, ஜல்தி சாப்புடறாங்க, போயிடறதுக்குள்ள முடிச்சிருவாங்க என்றார்.

அவள் கை கழுவி, வாய் கொப்பளிக்கும் வரை நான் போனை வைக்கவில்லை. வரவேற்புப் பெண் தட்டை எடுக்க வந்தாள். காலையில் சாப்பிடுகிறேன், அப்படியே மூடி வையுங்கள் என்றேன்.

மறுநாளிலிருந்து மூன்று நாளும் அம்மாவின் ஐந்தரைக்கு அவர் தறியை நிறுத்திவிட்டுப் போய் ஜன்னலில் நின்றார். ஆரணி திரும்பியதும் முதல் வேலையாக நம்பரை மீட்டேன். கார்டாகவே கொடு என்று கேட்டேன். கடைப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கார்டு என்றால் எந்தக் கணத்திலும் என் விரலால் அழியாது என்பதற்காகத்தான் கேட்டேன். அன்று சாயங்காலம் உண்மையிலேயே நான்கு இட்லி தின்றுவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

இன்னா சாப்ட என்றாள். சொன்னேன்.

சரி, போய் ஏதாவது சாப்புடு, இன்னும் பொழுது இருக்குது என்றாள்.